உங்கள நான் பாத்துக்குறேன்

என் வீட்டுக்காரர் சின்னையா முப்பத்துநாலு வருடம் கிலாங் பஸ் ஓட்டியவர். பாயான் பாருவில் இருக்கிற எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்கு மூன்று ஷிப்டுக்கும் பெண்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிற பஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கால் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காருவார். எங்கே பிரேக் போட வேண்டுமோ அங்கே வலது காலால் தரையை மிதிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் அப்படித்தான் மிதித்துக்கொண்டு வந்தார். ஆனால் வழக்கமாக டிரைவரைப் பற்றி என் காதில் நாலு குறை சொல்வார், அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். புதுச் சேலை கட்டியிருந்தேன். அவருக்கும் தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தேன். நாங்கள் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

கோர்ட்டு என்றால் இப்போது அது கோர்ட்டு இல்லை. கடற்கரைப் பக்கம் இருக்கிற அந்தப் பழைய கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. புறா குடியிருந்தது. பிறகு ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, கதவு சன்னலையெல்லாம் பழையபடியே இழைத்து வைத்து, ஊர் வரலாற்றுக்கு ஒரு மியூசியம் ஆக்கிவிட்டார்கள். 1989இல் அதே இடத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் ஜெயில் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. குற்றம், என் அப்பாவை மிரட்டியது.

அவர் மிரட்டவில்லை. அதை அதே சுவரில், போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கிற மாதிரி எழுதி மாட்ட வேண்டும். அதற்காகத்தான் புதுச் சேலை.

அப்படி எழுதி மாட்ட வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்தப் பேச்சு எங்களை விட்டபாடில்லை. எங்கள் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, தைப்பிங்கிலிருந்து வந்த நல்ல குடும்பம் ஒன்று காப்பி குடித்துவிட்டுப் போய், 'பெண்ணோட அப்பா ஜெயில்ல இருந்தவராமே' என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது. கோபத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான். எந்தப் பேச்சுக்கும் பதில் பேச மாட்டார். பஸ்ஸில் முப்பது பெண்கள் ஏறி ஆளுக்கொன்று பேசினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை, ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். யாராவது ஒருத்தி வரத் தாமதமானால் பஸ்ஸை எடுக்காமல் காத்திருப்பார். சூப்பர்வைசர் திட்டினால் டயரில் காற்று குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வார். அப்படித் தாமதமாக ஓடி வந்தவர்களில் ஒருத்திதான் நான்.

ஆயர் ஈத்தாமில் பாசார் சந்தைக்குப் பின்னால் என் அப்பா சிவநேசனுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அம்மா இல்லை. நான் ஒரே பெண். அவரும் நானும் சேர்ந்து சமைப்போம், சேர்ந்து சண்டை போடுவோம், சேர்ந்து உட்கார்ந்து ரேடியோ கேட்போம். நான் வேலைக்குக் கிளம்பும்போது பஸ் கண்ணுக்கு மறைகிற வரை கடைப் படியிலேயே நிற்பார். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்ன அன்றைக்கு அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஓவர்டைம் போயிருந்த நேரம், சின்னையா தனியாகப் போய்ப் பெண் கேட்டார். பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை. அவருக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கும் உடம்புக்கு முடியவில்லை. கடையில் அவரும் அப்பாவும் மட்டுமே இருந்தார்கள். நான் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா போலீஸ் ரிப்போர்ட் கொடுத்து முடித்திருந்தார்.

அங்கே நடந்த பேச்சு என்று அப்பா சொன்னதை இவரும் மறுக்கவில்லை. 'இருக்கிறது ஒரு பெண், அவளும் போய்விட்டால் என்னை யார் பார்ப்பது' என்று அப்பா கேட்டிருக்கிறார். அதற்கு இவர் சொன்னது, 'உங்கள நான் பாத்துக்குறேன்.'

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்னவெல்லாம் செய்கிறோம். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்கிறோம், படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொள்கிறோம். சண்டை போட்டுவிட்டு, விரலை ஆட்டி, 'இரு, உன்னைப் பாத்துக்குறேன்' என்றும் சொல்கிறோம். கடைசி காலத்தில் மகனாக இருந்து உங்களுக்குக் கஞ்சி ஊற்றுவேன் என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான், அதைப் போய் மிரட்டல் என்று ரிப்போர்ட் செய்திருக்கிறாரே இந்த மனிதர் என்று எனக்கு வயிறு எரிந்தது. சட்டையைப் பிடித்தான் என்று வேறு அப்பா சொன்னார். ஒரு கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார் சின்னையா. அவரா சட்டையைப் பிடித்தார்?

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாது. அப்பா கூண்டில் ஏறித் தமிழில் சொன்னார். கீழே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர், இப்ராஹிம் என்று பெயர், கேட்டு மலாயில் சொல்ல வேண்டும். அந்த வரி வந்ததும் அவர் நின்றார். அப்பாவைப் பார்த்தார். திரும்பி, குற்றவாளி அடைப்புக்குள் நின்ற இவரையும் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார், 'உனக்குப் பாடம் கற்பிக்கிறேன்' என்று அர்த்தம் வருகிற மாதிரி. பின்வரிசையில் இருந்த நான் எழுந்து, அப்படியில்லை என்று கத்தினேன். போலீஸ்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

மலாயில் 'ஜாகா' என்று ஒரு சொல் இருக்கிறதே. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஜாகாதான், ஜாக்கிரதையாக இருந்துகொள் என்று மிரட்டுவதும் ஜாகாதான். அதைப் போட்டிருந்தால் நம் தமிழ் எப்படி இரண்டு பக்கமும் ஆடுகிறதோ அப்படியே மலாயும் ஆடியிருக்கும். மாஜிஸ்திரேட்டும் என்ன ஏது என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார். போயும் போயும் அந்த ஆளுக்கு அது தோன்றவில்லையே என்று நான் எத்தனை வருடம் புலம்பியிருப்பேன். சட்டி கழுவும்போதுகூடப் புலம்பியிருக்கிறேன். இவர் மறுப்பாக ஏதாவது சொல்லுகிறாரா என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, இவர் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பாவைப் பொய்யர் என்று சபையில் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் கழிவு போக நாலு மாதம் உள்ளே இருந்தார். நான் வீட்டை விட்டு வெளியேறி, கூட வேலை செய்த ஹன்னாவின் வாடகை அறையில் தங்கி, அவர் வெளியே வந்த வாரமே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டேன்.

போன மாதம் முகநூலில் மியூசியத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். இந்தக் கட்டடம் கோர்ட்டாக இருந்தபோது வழக்கோடு வந்தவர்கள் யாராவது இருந்தால் கதை சொல்ல வாருங்கள் என்று போட்டிருந்தது. அவரைக் கேட்கவில்லை. நானே போன் போட்டு அரை மணி நேரம் சொன்னேன். மறுமுனையில் ஃபாத்தின் என்ற பெண். தமிழ் முஸ்லிம் பெண், தமிழ் சரளமாகப் பேசினாள். 'ஆண்ட்டி, இது ரொம்ப முக்கியமான கதை லா' என்றாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவரிடம் சொன்னபோது சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவசியமா என்று கேட்டார். அவசியம்தான் என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். பதினோரு மணி வெயில். கடல் பக்கமிருந்து காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்தது. வாசலில் நோர்மா என்று பெயர் குத்திய மலாய்க்காரப் பெண் ஒருத்தி சிரித்த முகமாக எங்கள் கையில் ஆளுக்கொரு ஒட்டுச்சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினாள்.

உள்ளே காலை வைத்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அதே படி. அதே உயரமான கூரை. ஆனால் அன்றைக்கு இருந்த வியர்வை நாற்றமும் பீடி நாற்றமும் இல்லை, புது வார்னிஷ் வாசனைதான். பலகணிச் சட்டங்களின் வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது. கூரையில் எங்கேயோ ஒலிபெருக்கி வைத்து, கோர்ட்டு நடக்கிற முணுமுணுப்பை மெல்ல ஓடவிட்டிருந்தார்கள். ஹொக்கியன், மலாய், இங்கிலீஷ், நடுவில் தமிழ். ஒரு வார்த்தையும் முழுசாகப் பிடிபடாது. யாரோ இருமுவார். யாரோ ஒரு பெயரைக் கூப்பிடுவார். காதைத் தீட்டினால் அடங்கிப் போகும், கவனிக்காமல் விட்டால் மறுபடி கிளம்பும். பகல் தூக்கத்தில் பக்கத்து வீட்டில் பேசுகிறது கேட்குமே, அந்த மாதிரி இருந்தது.

நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. பெரிய கூடத்தில் மாஜிஸ்திரேட் மேடை இருந்தது. குற்றவாளி நிற்கிற அடைப்பு இருந்தது. அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அதற்குள் நின்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள, அவன் சிநேகிதி படம் எடுத்தாள். அவன் இறங்கியதும் நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரைக் கிண்டல் செய்தேன். இவர் அடைப்பின் கட்டையில் கையை வைத்து, தடவி, எடுத்துக்கொண்டார்.

என் கண்ணுக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அந்த மூலையில் கட்டம் போட்ட துண்டோடு அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதே மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய தட்டச்சு யந்திரமும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கோர்ட்டுக்கு அப்பா கட்டி வந்த வேட்டியை நான்தான் முதல் நாள் துவைத்துப் போட்டிருந்தேன். அவரோடு பேச்சு வார்த்தை இல்லாத நேரத்திலும் துவைத்தேன். இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஃபாத்தின் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர் சப்பாத்து. எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினாள். மூன்று மொழியில் பெரிய எழுத்தில் தலைப்பு, 'ஒரு சொல் தவறியபோது'. கீழே எங்கள் கதை. நான் போனில் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. இன்னும் அச்சாகவில்லை, இது வெறும் மாதிரிதான், அடுத்த மாதம் திறப்பு என்றாள். கதைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மொழிபெயர்ப்பாளர் இப்ராஹிம்தான். அவர் இறந்து பத்து வருடம் ஆகிறதாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருக்கிற அவருடைய குடும்பத்தார் சந்தோஷமாகப் படத்தைக் கொடுத்தார்களாம். என்ன கதைக்கு என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

நல்லா வேணும் என்று மனதுக்குள் நினைத்தேன். மறைக்க மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். நான் கதையை இரண்டு தடவை படித்து, ஓர் எழுத்துப் பிழையையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே நின்றார்.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி என்றாள் ஃபாத்தின். சுவரில் ஒரு கேட்புக்கருவி வைப்பார்களாம். வருகிறவர்கள் அதைக் காதில் வைத்தால் அந்த வரி கேட்கும். கேட்டுவிட்டு, இதை நீங்கள் எப்படி மொழிபெயர்ப்பீர்கள் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அங்கிளுடைய குரலே வேண்டும்.

முன்பு குமாஸ்தாக்கள் இருந்த சின்ன அறையில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, மேசையில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அத்தனையும் நின்றது. அவரை உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் தடவை, பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி சொன்னார். இரண்டாவது தடவை குரலை இளக்கினார். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ரேடியோ நாடகத்தில் வருகிற மருமகன் மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மனதில் இருந்து சொல்லுங்கள், அப்பா எதிரில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதட்டினேன். ஃபாத்தினுக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பா சொன்னதைத் தான் சொல்வதாகவும், அங்கிள் அதற்குப் பதில் சொல்லட்டும் என்றும் சொன்னாள். சின்னப் பெண், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாள்.

"இருக்குறது ஒரே பொண்ணு. அவளும் போயிட்டா என்னை யாரு பாக்குறது?"

அவர் தலையைத் தூக்கினார்.

"உங்கள நான் பாத்துக்குறேன்."

கத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், பல்லுக்கு நடுவிலிருந்து. வலது கை மேசையை விட்டு எழுந்து, எதிரில் இல்லாத ஒருவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நின்றது. ஃபாத்தினுடைய சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் என் பக்கத்தில் படுத்தவரின் முகம் அது இல்லை.

கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்படித்தாம்மா சொன்னேன்," என்று ஃபாத்தினிடம் சொன்னார். "அந்த மொழிபெயர்ப்பாளர் தப்பு பண்ணல. என் மூஞ்சியப் பாத்தாரு, சரியாத்தான் சொன்னாரு. அவர் படத்த எடுத்துடுங்க."

அந்த அறையில் பஞ்சு வைத்திருந்ததால் அவர் குரல் எங்கேயும் போகாமல் என் மேலேயே நின்ற மாதிரி இருந்தது. நான் அவரை ஏங்க என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். பெண் கேட்கப் போன இடத்தில், நோயோடு கிடந்த அவர் அம்மாவைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். சொல்லக் கூடாத வார்த்தை. கண் மண் தெரியவில்லையாம். சட்டையைப் பிடித்தது உண்மையாம், பொத்தான் அறுந்து அரிசியில் விழுந்ததாம். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோது அதில் கஞ்சியும் இல்லை, மகனும் இல்லையாம்.

அப்பா கோர்ட்டில் பொத்தானையும் சொன்னார். அரிசியில் விழுந்ததைச் சொன்னார். கதை கட்டுகிறவர்கள்தான் இப்படி அரிசி, பொத்தான் என்று சோடிப்பார்கள் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

"ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் பேரு செவுத்துல வரப்போகுது ருக்கு. தப்பு பண்ணவருன்னு. அவர் பிள்ளைங்க வந்து பாப்பாங்கல்ல."

"எங்கப்பாவுக்குப் பிள்ளை இல்லையா?"

யாரோ முன்பின் தெரியாத மனிதருக்காகத் திறந்த வாய், என் அப்பாவுக்காக ஒரு நாளும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் மகள் பிறந்த சமயத்தில் அப்பா எங்கள் பிளாட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. நான் மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று, பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மேலே வாருங்கள் என்று கத்தினேன். நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா அண்ணாந்து, நான் பொய் சொல்லலையேம்மா என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். அப்புறம் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். நான் போனது பிணத்தைப் பார்க்கத்தான்.

"அப்பா நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கு நீங்க வீட்டுக்குள்ளதானே இருந்தீங்க?"

"புள்ளைய மடியில வச்சிருந்தேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அதற்கு மேல் அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். யாரும் பின்னால் வரவில்லை.

பின்வரிசை நீளப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வெயில் கோடுகள் நகர்ந்து என் காலடிக்கு வந்திருந்தன. தலைக்கு மேலே முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஆட்கள் வந்தார்கள், அடைப்பில் ஏறினார்கள், இறங்கினார்கள், போனார்கள். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த முணுமுணுப்புக்குள் அப்பாவுடைய குரல் இருக்கிறதா என்று தேடினேன். எங்கேயிருந்து இருக்கும். இது யாரோ நடிகர்களை வைத்து எடுத்தது என்று ஃபாத்தின் முதலிலேயே சொல்லியிருந்தாள். தெரிந்தும் தேடினேன்.

லாக்கப் ஞாபகம் வந்தது. வழக்குக்கு முன்னால் அவரைப் பார்க்கக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் தலையைக் குனிந்திருந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் போனதும் போகாததுமாக, 'பாசத்துலதானே சொன்னீங்க, அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் துணையா இருப்பேன்னுதானே சொன்னீங்க' என்று சொல்லி அழுதேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இருபத்தேழு வயதுப் பையன், கம்பிக்குப் பின்னால் நிற்கிறான், அவனுக்கு இருக்கிறவள் நான் ஒருத்திதான். தலையை ஆட்டினார்.

அவர் வாயைத் திறந்து ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. இந்த முப்பத்தைந்து வருடத்தில் சொன்னதெல்லாம் நான். ஹன்னாவிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், தரகரிடம் சொன்னேன், போனில் ஃபாத்தினிடம் அரை மணி நேரம் சொன்னேன். தமிழ் தெரியாத மாஜிஸ்திரேட் என் அப்பாவை நம்பினார். வேற்றாள் இப்ராஹிம் நம்பினார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அவர் பேச்சு விளங்கவில்லை. வெட்கம் என்றால் இதுதான். புதுச் சேலையின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சுற்றிப் பார்க்க வந்த ஒரு சீனக் கிழவர் தயங்கி நின்று, ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

இவர்மேல் எனக்கு வெறுப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை, வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் நாற்காலியிலேயே தூங்கியவர். இன்றைக்கு வரை என் மேல் கையை ஓங்கியதில்லை. ஒரு நாள், ஒரு நிமிஷம், என் அப்பாவின் சட்டையைப் பிடித்திருக்கிறார். அதை மறைத்து ஆயுளையே ஓட்டியிருக்கிறார். இரண்டும் அவர்தான். இதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நான் என்ன சமைப்பது என்று தெரியவில்லை.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் அறைக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் நின்றிருப்பார் போல, கால் மாற்றி நின்றார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். ஃபாத்தின் முழங்கையை மேசையில் ஊன்றித் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திறப்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, பாவம்.

இந்தக் கதையை எடுத்துவிடவா ஆண்ட்டி, பிரச்சினை இல்லை, வேறு ஏதாவது போட்டுக்கொள்கிறோம் என்றாள். எடுக்க வேண்டாம் என்றேன். இப்ராஹிம் படமும் இருக்கட்டும், தலைப்பை மட்டும் மாற்று என்றேன். என்னவென்று மாற்றுவது என்று கேட்டாள். அது உன் வேலை என்றேன். அப்புறம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

ஃபாத்தின் தயங்கினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவுக்கு முதலில் பெயர் சொல்ல வேண்டுமாம். ஐசி அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுப் பெயரையும் சொல்லுங்கள் என்றாள். கதவு திறந்தபடியே இருந்தது. வெளியே அவர் நிற்பது தெரிந்தது. மூடவா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"ருக்குமணி, சிவநேசன் மகள்," என்றேன். "எங்கப்பா இந்தக் கோர்ட்டுல சொன்னதெல்லாம் உண்மை. எல்லாரும் நம்பினாங்க. நான்தான் நம்பல."